கேமரன் மலைக்கு வருகிறீர்களா? ரிங்லெட்டிலிருந்து பதில்கள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. மலேசியாவின் கேமரன் மலையில் உள்ள ரிங்லெட் ஊரில் வேன் ஓட்டுகிறவன் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வந்து நிற்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன், இந்த ரோட்டில்தான் பிழைப்பு. கேட்டவர்களின் ஊர் பெயரை மட்டும் போட்டு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பீடோர்: அண்ணே, சின்னப் பிள்ளைங்க ரெண்டு இருக்காங்க. தாப்பா ரோட்டுல ஏறுனா வாந்தி எடுத்துடுவாங்களோன்னு பயமா இருக்கு. சிம்பாங் புலாய் வழியா வந்துடலாமா?

வரலாம். அந்த ரோடு அகலம், வளைவும் குறைவு. கம்போங் ராஜாவில் கொண்டுவந்து விடும். ஆனால் பீடோரிலிருந்து அது பெரிய சுற்று, காய்கறி லோரிகளும் அதிகம்.

என்னைக் கேட்டால் தாப்பா வழியாக ஏறி, சிம்பாங் புலாய் வழியாக இறங்குங்கள். தாப்பா ரோடு 1930களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் போட்டது. மலைமேல் உள்ள தானா ராத்தா பட்டணம் வரை சுமார் 60 கிலோமீட்டர், பெரும்பகுதி காட்டுக்குள்ளேயே போகும். மூங்கில் புதரும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த மரப் பெரணியும் காடியின் கண்ணாடியை உரசும். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி ரோட்டோரமாகவே விழுகிறது. அங்கே கட்டாயம் நிறுத்தி பிள்ளைகளை இறக்கிவிடுங்கள். ஓராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்கள் ரோட்டோரக் கடையில் பெத்தாய் என்ற நாற்றமடிக்கும் காட்டு அவரை, காட்டுத் தேன், மூங்கில் சாமான் விற்பார்கள். பெத்தாய் வாங்கினால் காடியின் பின்பெட்டியில் போடுங்கள். சீட்டில் வைத்தால் வாந்திக்கு வேறு காரணம் தேடவேண்டாம்.

பசியோடும் ஏற்றாதீர்கள், ரொட்டி சானாய் வயிறு முட்டவும் ஏற்றாதீர்கள். கையில் போன் வேண்டாம். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறையுங்கள். ஆட்டோ காடி என்றால் 'எல்' அல்லது '2'. மலையடிவாரத்தில் பிரேக் கருகிய வாடையோடு ஓரங்கட்டி நிற்கும் காடிகளை ஞாயிற்றுக்கிழமை மாலையில் பார்க்கலாம்.

கிள்ளான்: மோஸி ஃபாரஸ்ட்னு எல்லாரும் போட்டோ போடுறாங்க. உள்ள போனா அப்படி என்னதான் இருக்கு? சும்மா பாசி பிடிச்ச மரம்தானே?

பாசி பிடித்த மரம்தான். ஆனால் ஏன் பிடித்தது என்று தெரிந்துகொண்டு பாருங்கள். இந்தக் காடு இருக்கும் குனோங் பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,031 மீட்டர். அந்த உயரத்தில் மேகம் மேலே மிதப்பதில்லை, மரத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. காற்றும் குளிரும் சேர்ந்து மரங்களை நெடுநெடுவென்று வளர விடாமல் குட்டையாக முறுக்கி வைத்திருக்கின்றன. மழையே பெய்யாத நாளிலும் பாசி மேகத்திலிருந்து துளியைப் பிடித்து, பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகிறது. இங்கிருந்து புறப்படும் ஓடைகள் வெயில் காலத்திலும் வற்றாமல் ஓடுவதற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

நடைபாதையில் மெதுவாகப் போய், முழங்கால் உயரத்தில் தேடுங்கள். குடுவைச் செடி கண்ணில் படும். நெப்பந்தஸ் மேக்ஃபர்லேனி என்ற வகை தீபகற்ப மலேசிய மலைகளில் மட்டும்தான் இருக்கிறது. வெளியே சிவப்புப் புள்ளி, வாய் விளிம்பு வழவழவென்று வரிவரியாக இருக்கும். எட்டிப் பார்த்தால் அடியில் கலங்கிய தண்ணீரும், பாதி கரைந்த எறும்புகளும். அங்கே மண்ணில் சத்து குறைவு, அதனால் செடி பூச்சியைப் பிடித்துச் சாப்பிடுகிறது. விரலை விட்டுப் பார்க்காதீர்கள், பறிக்கவே பறிக்காதீர்கள். பாசியைக் கையால் பிழிந்து பிள்ளைகளுக்கு வித்தை காட்டும் அப்பாக்களையும் நான் பார்த்திருக்கிறேன். அது திரும்ப வளர வருடக்கணக்கில் ஆகும்.

காலை ஒன்பதுக்குள் அங்கே இருக்கவேண்டும். மதியம் போனால் மழையும் கூட்டமும்தான். நடைபாதையைப் பழுது பார்க்க அவ்வப்போது மூடுகிறார்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். மேலே போகும் ரோடு ஒரு காடி அகலம். மைவி மாதிரி சின்னக் காடி ஏறும்; ஆனால் எதிரே பழைய லேண்ட் ரோவர் வந்தால் வளைவில் ரிவர்ஸ் எடுக்கத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிட்டால் அந்த லேண்ட் ரோவரிலேயே காசு கொடுத்து ஏறிவிடுங்கள்.

ஷா ஆலாம்: குனோங் இராவ் ஏறலாமா? எனக்கு ஜிம் பழக்கம் உண்டு.

2,110 மீட்டர். வனத்துறை அனுமதி வேண்டும். தொடை வரை சேறு. ஜிம் அங்கே அவ்வளவாக உதவாது, நல்ல சப்பாத்து உதவும்.

சுங்கை சிப்புட்: ஐயா, பள்ளிக்கூடத்துல ஒப்படைப்பு. கேமரன்னா யார்? மலையை அவர்தான் கண்டுபிடிச்சாரா?

வில்லியம் கேமரன் அரசாங்கத்தின் நில அளவையாளர். 1885இல் இந்தப் பக்கம் வந்து, மலைக்கு மேல் சமவெளி போல் ஓர் இடம் இருப்பதாக எழுதினார். 'கண்டுபிடித்தார்' என்று எழுதாதே தம்பி. ஓராங் அஸ்லிகளில் ஒரு பிரிவான செமாய் மக்கள் அதற்கு வெகு காலம் முன்பே இங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கேமரன் எழுதி வைத்தும் நாற்பது வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. 1929இல் ஜே.ஏ. ரஸல் 'போ' (BOH) என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார்.

ஒப்படைப்பில் இன்னொரு பத்தியும் சேர்த்துக்கொள். செங்குத்துச் சரிவில் காட்டை வெட்டித் தேயிலை நட்டதில் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் ஆட்களின் பங்கு பெரிது. கேமரன் பெயர் மலைக்கு இருக்கிறது, அவர்கள் பெயர் ஒரு சந்துக்குக்கூட இல்லை. பழைய படமும் சாமானும் பார்க்கவேண்டுமென்றால் பிரிஞ்சாங் தாண்டி 'டைம் டனல்' என்ற சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அப்பாவைக் கூட்டிப் போகச் சொல்.

காஜாங்: எந்தத் தேயிலைத் தோட்டம் நல்லா இருக்கும்? ஒன்னுதான் பார்க்க நேரம்.

'போ' நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம். தொழிற்சாலையில் இலையை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவிடுவது, காயவைப்பது, சலிப்பது எல்லாம் வரிசையாகப் பார்க்கலாம். பச்சை இலை செம்பு நிறமாகும் இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சை இழுங்கள். பழுத்த ஆப்பிள் வாசனை வரும். வழக்கமாகத் திங்கட்கிழமை மூடல். ரோட்டிலிருந்தே சரிவைப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் வழியில் பாரத் தோட்டம். காடியை நிறுத்தினாலே முன்னால் விரிந்து கிடக்கும்.

கூடை சுமந்த பெண்களைப் படம் பிடிக்க வருகிறவர்கள் ஏமாந்து போகிறார்கள். இப்போது இரண்டு பேர் வரிசையின் இரு பக்கமும் நின்று, மோட்டார் கத்தியைத் தூக்கிப் பிடித்து நடக்கிறார்கள், பின்னால் பெரிய பை பலூனாக உப்பிக்கொண்டு வரும். சரிவு அதிகமான இடத்தில் பெட்டி வைத்த கத்தரிக்கோல். வேலை செய்கிறவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளத்துக்காரர்கள். நம் பிள்ளைகள் கீழே பட்டணத்துக்கு இறங்கிவிட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் அம்மா அட்டைக்கடியோடு எடுத்த கொழுந்துக்கு என்ன கூலி கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

பினாங்கு: அம்மாவுக்கு முட்டி வலி. படி ஏற மாட்டாங்க. அவங்களுக்கு என்ன காட்டுறது?

காலையில் பாரத் பக்கம் காடியிலிருந்தபடியே தேயிலை. பிறகு பிரிஞ்சாங் முருகன் கோயில். மதியம் தானா ராத்தாவில் வாழையிலைச் சாப்பாடு. இரவு குளிர் 15, 16 டிகிரி வரை இறங்கலாம். முட்டிக்குக் கம்பளி கொண்டு வாருங்கள்.

சிரம்பான்: அந்த வெள்ளைக்காரர் காணாமப் போனாரே, அந்த வீடு இன்னும் இருக்கா? பேய் இருக்குன்னு சொல்றாங்களே?

ஜிம் தாம்சன். தாய்லாந்துப் பட்டுத் துணியை உலகத்துக்கு விற்ற அமெரிக்கர், அதற்கு முன் அமெரிக்க உளவுத்துறையில் இருந்தவர். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. நண்பர்களோடு 'மூன்லைட்' பங்களாவில் தங்கியிருந்தார். மதியம் எல்லோரும் தூங்கப் போன நேரத்தில் தனியாக நடக்கப் போனவர் திரும்பவில்லை. வயது 61. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி, போமோ என்ற மலாய் மந்திரவாதி என்று தேடாத ஆளில்லை. ஒரு துணிகூடக் கிடைக்கவில்லை. கடத்தினார்கள், புலி அடித்தது, லோரி மோதிப் புதைத்துவிட்டார்கள் என்று ஆளுக்கொரு கதை. வீடு இருக்கிறது. பேயைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். தனியாகக் காட்டுக்குள் போகாதீர்கள் என்பது மட்டும் என் கவலை.

காட்டுப் பாதைகளுக்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். புதிதாக நடப்பவர்களுக்கு 10ஆம் நம்பர், குனோங் ஜாசார். 4ஆம் நம்பர் சுலபம், பாரிட் அருவிக்குப் போகும், ஆனால் அருவியை நம்பிப் போகாதீர்கள். குப்பையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து கிடக்கும். 9ஆம் நம்பர், ராபின்சன் அருவி: கூட்டாகப் போங்கள், குளிக்கவேண்டாம். மேலே கழிவுநீரும் தோட்டத்து மருந்தும் கலந்துதான் கீழே வருகிறது.

தெலுக் இந்தான்: ரஃப்லேசியா எந்த மாசம் பூக்கும்?

மாதக் கணக்கு அந்தப் பெரிய காட்டுப் பூவுக்குக் கிடையாது. அதற்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. காட்டுக் கொடி ஒன்றுக்குள் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, மொட்டு வெளியே வந்த பிறகும் விரிய ஒன்பது மாதம் வரை எடுத்துக்கொள்கிறது. விரிந்தால் ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். ஆகவே இன்று பூத்திருக்கிறதா என்றுதான் கேட்கவேண்டும். கிளந்தான் எல்லையில் லோஜிங் பக்கமும், கீழே கோப்பெங் அருகே உலு கெரோவிலும் ஓராங் அஸ்லி வழிகாட்டிகள் கூட்டிப் போவார்கள். ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், பேரம் பேசாதீர்கள். அவர்கள் மொட்டுகளை மிதிபடாமல் பார்த்துக்கொள்வதால்தான் நமக்குப் பூ.

ரவாங்: நவம்பர்ல வரலாமா? ரிங்லெட் பக்கம் வெள்ளம்னு ஒரு தடவை செய்தியில பார்த்த ஞாபகம்.

அக்டோபர், நவம்பர் எங்களுக்குக் கடும் மழை. வந்தால் மதியத்துக்கு மேல் ரோட்டில் இருக்காதீர்கள். மண்சரிவு பெரும்பாலும் அப்போதுதான்.

நீங்கள் சொல்வது 2013 அக்டோபராக இருக்கும். ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் கட்டி முடிந்தது. எங்கள் பகாங் மாநிலத்தில் விழும் மழையை இந்த ஏரியில் தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகப் பேராக் பக்கம் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். மேலே விவசாயத்துக்குக் காட்டை வழித்தெடுக்க எடுக்க, மண் முழுக்க ஏரிக்கு வந்து சேர்கிறது. கொள்ளளவு குறைகிறது. கனத்த மழையில் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட, கீழே பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் சேறு புகுந்தது, உயிரும் போனது. ஏரியைப் படம் எடுக்க நிறுத்துகிறவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். தேத்தண்ணி நிறம். தூர்வாரும் இயந்திரங்களும் நிற்கும்.

ஈப்போ: ஸ்ட்ராபெரி பத்தி ஒன்னும் சொல்லலையே அண்ணே?

கீ ஃபார்ம் சந்தைப் பக்கம் சனிக்கிழமை இரண்டு மணி நேரம் ஜாமில் நின்று, புளிப்பான பழத்தை வாங்கி, படம் எடுத்துக்கொண்டு போவது உங்கள் விருப்பம். செவ்வாய், புதன் வாருங்கள். அவித்த சோளம் நன்றாக இருக்கும்.

கூலிம்: இறங்குற வழியில வேற என்ன பார்க்கலாம்? அரை நாள் இருக்கு.

சிம்பாங் புலாய் வழியாக இறங்கினால் பத்து காஜா ரோட்டில் கெல்லி கோட்டை. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், ரப்பரில் சம்பாதித்தவர், 1915இல் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் வேலையாட்களும் மதராஸிலிருந்து வந்தார்கள். முதல் உலகப் போர் முடியும் நேரத்தில் ஸ்பானிய காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, அவர் கட்டிக் கொடுத்தார். 1926இல் அவரும் லிஸ்பனில் இறந்துவிட, கோட்டை அரைகுறையாக நின்றுவிட்டது.

எல்லோரும் கோட்டையைப் பார்த்துவிட்டு, லிஃப்டுக்காக விட்ட குழியை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கோயில் கிட்டத்தில்தான் இருக்கிறது, போங்கள். மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளைக் கோட்டு போட்ட ஓர் உருவம் நிற்கும், அது கெல்லி துரை. தோட்டத்து ஜனம் துரையையும் சாமியோடு நிறுத்திவிட்டது. நன்றியா, கேலியா என்று எங்கள் வேனில் சண்டையே நடக்கும். எனக்கு நன்றி என்றுதான் படுகிறது.

அதற்கும் மேல் நேரம் இருந்தால் கோப்பெங் பக்கம் குவா தெம்புரோங் குகை. உள்ளே ஆறு ஓடுகிறது. நனையும் வழி, நனையாத வழி இரண்டும் உண்டு. பிள்ளைகளோடு போனால் நனையாததற்கு டிக்கெட் எடுங்கள்.

பூச்சோங்: காடி இல்ல. பஸ்ஸுல வந்தா சுத்திப் பார்க்க முடியுமா?

கேஎல் டிபிஎஸ் பஸ் நிலையத்திலிருந்து தானா ராத்தாவுக்கு நேரடி பஸ் இருக்கிறது, ஈப்போ அமான்ஜாயாவிலிருந்தும் வரலாம். ரயிலில் தாப்பா ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் தாப்பா பட்டணத்துக்கே டாக்சி பிடிக்கவேண்டும், சாமானோடு சிரமம். மேலே வந்த பிறகு பாசிக் காட்டுக்கும் சுங்கை பாலாஸுக்கும் பஸ் கிடையாது. தானா ராத்தாவில் அரை நாள் வேன் பேசிக்கொள்ளுங்கள், நாலு பேர் சேர்ந்தால் கட்டுப்படியாகும். விடுமுறையில் திரும்பும் டிக்கெட்டை ஏறும்போதே எடுத்துவிடுங்கள்.