கேட்டது எகனாமிக்ஸ், கிடைத்தது ஜெனரல் ஸ்டடீஸ்: சேரலாமா?

கேள்வி: என் மகள் எகனாமிக்ஸ் படிக்க ஆசைப்பட்டு அமெரிக்கக் கிழக்குக் கரையில் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். மார்ச் கடைசியில் போர்ட்டலைத் திறந்தால் முதல் வரியே வாழ்த்துகள், வீடே குதித்தது. அப்புறம் நிதானமாகப் படித்தால், அவள் கேட்ட கல்லூரியில் இடம் இல்லையாம், அதே பல்கலையின் இரண்டு வருட ஜெனரல் ஸ்டடீஸ், அதாவது பொதுப்பாடத் திட்டத்தில் மாற்று இடமாம், அதுவும் செப்டம்பரில் இல்லை, ஜனவரியில்தான் வகுப்பு. என் கணவர் இது பின்வாசல், வேண்டவே வேண்டாம் என்கிறார். மகள் இரண்டு நாள் அழுதாள், இப்போது போகிறேன் என்கிறாள். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸில் அவளுக்கு நேரடியாகவே இடம் இருக்கிறது. மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: வாழ்த்துகள் என்று போட்டுவிட்டு மூன்றாவது பத்தியில் வேறு கல்லூரியின் பெயரைச் சொல்லும் அந்தக் கடிதத்தை எழுதுகிறவர்கள், தங்கள் பிள்ளைக்கும் அப்படி ஒன்று வந்திருந்தால் கொஞ்சம் மாற்றி எழுதியிருப்பார்கள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி உண்மை. ஜனவரி சேர்க்கைக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. டிசம்பரில் சிலர் படிப்பை முடித்துவிட்டுப் போவார்கள், மூன்றாம் வருடத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் வசந்த காலப் பருவத்துக்கு வெளிநாடு போவார்கள், விடுதியில் கட்டில் காலியாகும், அதை நிரப்ப ஆள் வேண்டும். இன்னொன்றும் உண்டு. தரவரிசைப் பட்டியல்களுக்குப் போகிற எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வுச் சராசரி மாதிரியான எண்கள் இலையுதிர் காலத்தில் சேர்கிற முதலாண்டு மாணவர்களை வைத்துத்தான் கணக்கிடப்படும், ஜனவரியில் வருகிறவர்கள் அதில் வரமாட்டார்கள். பல்கலைக்கழகம் தர்மசத்திரம் நடத்தவில்லை.

ஆனால் மீதிப் பாதியில் அவர் சொல்வது தப்பு. இந்தப் பெண் இங்கே நாலு வருடம் தாக்குப்பிடிக்க மாட்டாள் என்று நினைத்திருந்தால் 'இல்லை' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள், அவர்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல. அதோடு இது நேற்று முளைத்த ஏற்பாடும் இல்லை. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் காலேஜ் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ் 1952-இல் ஜூனியர் காலேஜ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது அங்கே சேர்கிறவர்கள் ஜனவரியில் பாஸ்டனில் ஆரம்பித்துக் கோடையில் லண்டனில் படிக்கிறார்கள். இலக்கியம், கலை மாதிரியான மானுடப் பாடங்கள், சமூக அறிவியல், எழுத்து, அறிவியல் எல்லாம் கலந்த பொதுப்பாடம், ஒரு மாணவர் குழுவுக்கு ஒரே ஆசிரியர் குழு, இரண்டாம் வருடக் கடைசியில் ஐந்தாறு பேராகச் சேர்ந்து ஒரு ஆய்வு எழுதி ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அதே பல்கலையின் வேறு கல்லூரிக்கு மாறி, பட்டத்தை அங்கிருந்து வாங்குவார்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் லிபரல் ஸ்டடீஸும் ஏறக்குறைய இதே சாதி, முன்பு அதன் பெயரே ஜெனரல் ஸ்டடீஸ் ப்ரோக்ராம்தான். முன்னூறு பேர் உட்காரும் அரங்கில் கடைசி வரிசையில் தூங்கி வழிந்து முதல் வருடத்தைக் கழிப்பதைவிட, பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆசிரியரிடம் வாரம் தவறாமல் கட்டுரை எழுதித் திருத்தி வாங்குவது பல பிள்ளைகளுக்கு நல்லது. உங்கள் மகள் அந்த ரகமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இப்போது நான் முக்கியமாக நினைப்பது. உள்ளே எப்படிப் போகிறாள் என்பதை விடுங்கள், இரண்டு வருடம் கழித்து எகனாமிக்ஸுக்கு எப்படி மாறுவாள்? மாறுவது உறுதியா, இத்தனை ஜி.பி.ஏ., அதாவது சராசரி மதிப்பெண், இருந்தால் உறுதியா, இல்லை மறுபடி விண்ணப்பித்துப் போட்டியிட வேண்டுமா? மூன்றும் வேறு வேறு. ஒரே பல்கலைக்குள்ளேயே கலை அறிவியல் கல்லூரிக்குப் போகும் வழி அகலமாகவும் பிசினஸ் பள்ளிக்குப் போகும் வழி ஊசி முனையாகவும் இருக்கும். தொலைபேசியில் இனிமையாகப் பேசுகிறவர் 'பொதுவாகப் பிரச்சினை வராது' என்பார். அந்தப் 'பொதுவாக' உங்களுக்கு வேண்டாம். ஈமெயிலில் கேளுங்கள், ஈமெயிலில் பதில் வாங்குங்கள், பத்திரமாக வையுங்கள். முதல் இரண்டு வருடத்துக்குள் கால்குலஸையும் மைக்ரோ, மேக்ரோ பாடங்களையும் எடுக்க விடுவார்களா என்பதையும் அதே ஈமெயிலில் கேட்டுவிடுங்கள். விட்டால் நாலு வருடத்தில் முடியும். விடாவிட்டால் மூன்றாம் வருடம் மூச்சுத் திணறும்.

அப்புறம் பணம். உதவித்தொகை எத்தனை பருவத்துக்கு, கோடைக்காலப் படிப்பு அதில் அடங்குமா, விமான டிக்கெட் யார் தலையில்? மாநிலத்தவர் கட்டணத்தில் ரட்கர்ஸ் கையில் இருக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும் என்றால், நான் ரட்கர்ஸ் பக்கம்தான், யோசிக்கவே மாட்டேன். எகனாமிக்ஸ் எங்கே படித்தாலும் எகனாமிக்ஸ். கையைக் கடிக்காது, வழியும் எழுத்தில் இருக்கிறது என்றால் மகள் பேச்சைக் கேளுங்கள்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்ன செய்வாள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கவலைப்பட வேண்டியது அங்கேதான். கூட்டாளிகள் எல்லாம் விடுதிக்குப் போய்ப் படமாகப் போட்டுத் தள்ளுவார்கள், இவள் வீட்டில் பழைய அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரிந்த ஒரு பையன் அந்த நாலு மாதமும் பகல் பன்னிரண்டு மணிக்கு எழுந்தான். என் நண்பர் மகள் ஒரு கண் மருத்துவர் அலுவலகத்தில் முன்மேசை வேலை பார்த்தாள், கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், லண்டன் செலவுக்குக் கையில் பணத்தோடு போனாள். இதற்கு ஜூலையிலேயே திட்டம் வேண்டும். உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் வகுப்பு எடுக்கலாம் என்று தோன்றினால் பல்கலையைக் கேட்காமல் சேராதீர்கள், அந்த கிரெடிட்டை ஏற்காமல் போகலாம், முழுநேரமாகச் சேர்வதற்கே சில இடங்களில் தடை இருக்கும். மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பயம் வேண்டாம், 2010 சட்டத்தின்படி பெற்றோர் பாலிசியில் பிள்ளைகளைச் சேர்த்திருந்தால் 26 வயது வரை அதிலேயே இருக்கலாம், மாணவியாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

உங்கள் கணவருக்கு ஒரு தகவல் மட்டும். வெர்மான்டில் மிடில்பரி என்று ஒரு கல்லூரி, கேட்ட உடனே இடம் கிடைக்கிற இடம் இல்லை. அங்கே ஒவ்வொரு வருடமும் ஒரு கூட்டம் பிப்ரவரியில்தான் சேரும், அவர்களுக்கு 'ஃபெப்' என்றே பெயர். நாலு வருடம் கழித்து அதே பிப்ரவரியில் முடித்துப் போகும்போது பட்டமளிப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கல்லூரியின் பனிமலையில் சறுக்கி இறங்குவார்கள். பின்வாசல் வழியாக வந்த வெட்கம் ஒருத்தர் முகத்திலும் தெரியாது.

கேள்வி: எனக்கும் இதே மாதிரி கடிதம் வந்திருக்கிறது. ஆனால் நான் கேட்டது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். இரண்டு வருடம் பொதுப்பாடம் முடித்துவிட்டு மாறிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொல்கிறான். சரியா?
– ஒரு மாணவன், டெக்சாஸ்

பதில்: அண்ணன் இன்ஜினியரிங் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். தம்பி, அங்கே பாடங்கள் சங்கிலி மாதிரி. கால்குலஸ் முடித்தால்தான் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ், இயற்பியல் முடித்தால்தான் ஸ்டாடிக்ஸ், அது முடிந்தால்தான் டைனமிக்ஸ். இந்தச் சங்கிலியை மூன்றாம் வருடம் தொடங்கினால் நாலில் முடியாது, ஐந்தோ ஐந்தரையோ ஆகும், அந்தக் கூடுதல் வருடத்துக்கும் முழுக் கட்டணம். நர்சிங்கும் இப்படித்தான். வேறு எங்காவது நேரடியாக இன்ஜினியரிங் கிடைத்திருந்தால் பெயரைப் பார்க்காமல் அங்கே போ. இன்ஜினியரிங் மேல் அவ்வளவு பிடிப்பு இல்லை, எல்லாரும் கேட்டதால் நானும் கேட்டேன் என்றால் அது வேறு கதை, அப்போது இந்த இரண்டு வருடம் உனக்கு உதவலாம்.

கேள்வி: எனக்கு 31 வயது. கல்யாணம், குழந்தை என்று கல்லூரியைப் பாதியில் விட்டவள். கொலம்பியாவில் ஸ்கூல் ஆஃப் ஜெனரல் ஸ்டடீஸ் என்று இருக்கிறதே, அதுவும் இடம் கிடைக்காதவர்களுக்கான மாற்று ஏற்பாடுதானா?
– ஒரு வாசகி, குவீன்ஸ்

பதில்: இல்லை, பெயர்தான் குழப்புகிறது. அது 1947-இல் உருவானது, இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகப் படிக்க வந்த காலம். இன்றைக்கும் அது உங்களைப் போல ஒரு வருடமோ அதற்கு மேலோ படிப்பை விட்டவர்கள் நேரடியாக விண்ணப்பிக்கிற கல்லூரி, வேறு இடத்தில் தள்ளப்பட்டு வருவதல்ல. வகுப்பறை, பேராசிரியர் எல்லாம் அங்குள்ள வழக்கமான இளநிலைக் கல்லூரியான கொலம்பியா காலேஜ் மாணவர்களோடு சேர்ந்துதான், பட்டமும் கொலம்பியாவின் பி.ஏ. ஒன்றே ஒன்று இடிக்கும்: நிதியுதவி கொலம்பியா காலேஜ் அளவுக்குத் தாராளம் இல்லை. சேர்க்கைக் கடிதம் வந்ததும் குதிக்காமல் உதவித்தொகைக் கடிதம் வரும்வரை பொறுத்திருங்கள். பழைய கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பட்டியலை, இப்போதே கேட்டு வையுங்கள், பத்து வருடத்துக்கு முன்னால் பாக்கி வைத்த நூலகக் கட்டணம்கூட சில மாநிலங்களில் அதைத் தடுத்து வைத்திருக்கலாம்.

கேள்வி: பேத்தி ஜனவரியில்தான் காலேஜ் போகிறாள். செப்டம்பரில் சொந்தக்காரர்கள் கேட்டால் என்னப்பா சொல்வது?
– ஒரு பாட்டி, ஃப்ரீமான்ட்

பதில்: பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லுங்கள், ஜனவரியில் போகிறாள் என்று சொல்லுங்கள். ஏன் ஜனவரி என்று தோண்டினால், உங்க பேரனுக்கு எங்கே கிடைச்சிருக்கு என்று திருப்பிக் கேளுங்கள் பாட்டி. காபி ஆறுவதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.