கட்டிலுக்குக் காசு கேட்டால் கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, சலரோகம். கொவிட் மாதிரி இன்னொன்று வந்தால் தனியாரில்தான் சேர்க்க வேண்டும் என்று கனடாவில் இருக்கும் தம்பி ஒற்றைக்காலில் நிற்கிறான். 2021இல் பக்கத்து வீட்டுக்காரர் பெரியாஸ்பத்திரியில் கட்டில் எடுக்க ஒருவருக்கு 20,000 ரூபா கொடுத்தார். நாங்களும் இப்போதே காசு ஒதுக்க வேண்டுமா? (வாசகி, சுன்னாகம்)

பதில்: அந்த 20,000 ரூபா ஆஸ்பத்திரிக்குப் போன காசு இல்லை. யாழ். போதனா வைத்தியசாலையில் கட்டிலுக்கோ ஒட்சிசனுக்கோ டொக்டருக்கோ கட்டணம் கிடையாது. கொவிட் காலத்திலும் கிடையாது. யாருக்குக் கட்டில் என்பதை டொக்டர்தான் முடிவெடுப்பார், வாசலில் நிற்கிறவர் அல்ல. எப்படியும் கிடைத்திருக்கக்கூடிய கட்டிலைக் காசு வாங்கியவர் உங்கள் அயலவருக்கு விற்றிருக்கிறார். "உள்ளுக்கு எங்கட ஆள் இருக்கு" என்று தொடங்குகிறவரிடம் பேச்சே வேண்டாம். வாகனமும் அப்படித்தான். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசம், வடக்கில் 2018 முதல் ஓடுகிறது. அப்படியிருந்தும் வாடகை வானுக்குக் காசை அள்ளிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

தனியார் ஆஸ்பத்திரியில் தம்பி அறை வாடகையை மட்டும் விசாரித்திருப்பார். பில் ஏறுவது அங்கே இல்லை. ஒரே அறையில் இருந்த இரண்டு பேரின் கொவிட் பில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாதி ஒரே பாதுகாப்பு அங்கியோடு இருவரையும் பார்த்திருக்கிறார். அங்கியின் விலை இரண்டு பில்லிலும் முழுசாக இருந்தது. பரிசோதனையும் அப்படித்தான். தனியாரில் பி.சி.ஆருக்கு 6,500, அன்ரிஜனுக்கு 2,000 ரூபா என்று உச்சவிலை வர்த்தமானி வந்ததே 2021 ஓகஸ்டில்தான். அதுவரை ஒன்றரை வருடம் அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு சதமும் போகாதா? ஒரு இடத்தில் போகும். உள்ளே இல்லாத மருந்தை வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு தருவார்கள். துண்டில் அம்மாவின் பெயர், விடுதி இலக்கம், டொக்டரின் கையொப்பம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களே போய் வாங்குங்கள். "நான் எடுத்துத் தாறன்" என்பவரிடம் துண்டையும் கொடுக்காதீர்கள், காசையும் கொடுக்காதீர்கள். இன்ன பார்மசியில்தான் என்று யாராவது சொன்னால், ஏன் என்று விடுதி டொக்டரிடமே கேளுங்கள். எத்தனை நாளுக்கு என்றும் கேட்டு, இரண்டு நாளுக்கு மட்டும் வாங்குங்கள். மூன்றாம் நாள் மருந்தை மாற்றினால் மிச்சத்தைப் பார்மசிக்காரர் திருப்பி எடுக்கமாட்டார்.

ஒதுக்குவதென்றால் இதற்கு ஒதுக்குங்கள்.

காப்புறுதி முகவர்களும் வருவார்கள். சலரோகத்தை எழுதாமல் விடுவோம் என்று சொல்கிற முகவருக்குத் தேத்தண்ணி கூடக் கொடுக்க வேண்டாம். கட்டுப்பணத்தை வருடக்கணக்கில் வாங்குவார்கள். கோரிக்கை போடுகிற அன்றைக்கு அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கேட்பார்கள், அதில் முதல் பக்கத்திலேயே சலரோகம் இருக்கும்.