கேளுங்கள், சொல்கிறோம்: கடல் தாண்டிய திருடர்கள்

கேள்வி: கம்போடியாவிலும் மியான்மரிலும் உட்கார்ந்துகொண்டு நம் ஊர்க்காரர்களிடம் இணையம் வழியாகப் பணம் பறிக்கிறார்கள். இன்டர்போல் இவர்களை ஏன் பிடிப்பதில்லை?
- வாசகர், திண்டுக்கல்

இன்டர்போல் யாரையும் பிடிக்காது. சினிமா பார்த்துப் பார்த்து நமக்கு அப்படியொரு நினைப்பு வந்துவிட்டது. 196 நாட்டுப் போலீசாருக்கு நடுவே தகவலைக் கைமாற்றிவிடுகிற அமைப்பு அது, அவ்வளவுதான். கைது செய்ய வேண்டியது அந்தந்த நாட்டுப் போலீஸ், அதுவும் உள்ளூர்ச் சட்டம் இடம் கொடுத்தால்தான். 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் படுத்தியபோது சந்தேகப்பட்ட ஆள் பிலிப்பைன்ஸில் சிக்கிவிட்டார். ஆனால் வைரஸ் பரப்புவதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் அப்போது அங்கே இல்லை, ஆகவே விட்டுவிட்டார்கள்.

வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையைப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. வங்கிகள் ஒன்றுக்கொன்று பண உத்தரவு அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் என்ற வலைப்பின்னலோடு இணைந்த அந்த வங்கியின் கணினிக்குள் புகுந்தவர்கள், அமெரிக்க மத்திய வங்கியின் கிளையான நியூயார்க் ஃபெடரல் ரிசர்வில் இருந்த அதன் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட 95 கோடி டாலரை அனுப்பச் சொல்லி உத்தரவு போட்டார்கள். வெள்ளி டாக்காவில் விடுமுறை, சனி ஞாயிறு நியூயார்க்கில் விடுமுறை, திங்கள் சீனப் புத்தாண்டு என்பதால் மணிலாவிலும் விடுமுறை. நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்! பெரும்பாலான உத்தரவுகள் நின்றுபோயின. இலங்கையில் ஓர் அறக்கட்டளைக்குப் போன 2 கோடி டாலர், அதன் பெயரில் ஒரு எழுத்துப்பிழை இருந்ததால் சந்தேகம் வந்து திரும்பிவிட்டது. மணிலாவுக்குப் போன 8.1 கோடி டாலரோ சூதாட்ட விடுதிகளுக்குள் நுழைந்து மறைந்தது, ஏனென்றால் அங்கே அப்போது கருப்புப் பண ஒழிப்புச் சட்டம் சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை (2017-ல்தான் திருத்தினார்கள்). சுமார் 1.5 கோடி டாலர்தான் முதலில் திரும்பியது. இந்தக் கொள்ளைக்காக 2018-ல் வட கொரியர் ஒருவர் மேல் அமெரிக்கா வழக்குப் போட்டது, சரி, அவரை யார் பிடித்துக் கொடுப்பது?

கேள்வி: சைபர் குற்றத்துக்கென்று உலக ஒப்பந்தம் இருக்கிறதாமே, இந்தியா அதில் இல்லையா?
- வாசகி, காரைக்குடி

2001-ல் புடாபெஸ்டில் கையெழுத்தான ஒப்பந்தத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தியா சேரவில்லை. இலங்கை 2015-லேயே சேர்ந்துவிட்டது. எழுதும்போது நம்மைக் கூப்பிடவில்லை என்பது ஒரு வருத்தம், ஒரு நாட்டு அரசைக் கேட்காமலே அங்குள்ள தகவலைச் சில நேரங்களில் வெளியார் எடுக்க வழி வைக்கும் 32-ஆம் பிரிவு இன்னொன்று. இறையாண்மைக் கவலை நியாயம்தான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது 35-ஆம் பிரிவு: ஒவ்வொரு நாடும் 24 மணி நேரமும் தொடர்புகொள்ள ஓர் அலுவலகம் வைத்திருக்க வேண்டும், 'இந்தப் பதிவை அழிக்காமல் வையுங்கள்' என்று இரவு 2 மணிக்கும் சொல்லலாம். தூதரகம் வழியாகக் கடிதம் போய்ப் பதில் வர மாதக்கணக்காகும், அதற்குள் சர்வரில் எதுவும் மிஞ்சாது. இதற்காகவே நாம் சேர்ந்திருக்கலாம் என்பது என் கட்சி. ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பரில் வேறொரு ஒப்பந்தத்தை ஏற்றிருக்கிறது, 40 நாடுகள் உறுதி செய்தால்தான் அது நடைமுறைக்கு வரும்.

கேள்வி: அப்படியானால் புகார் கொடுத்து என்ன பயன்?
- வாசகர், ஓசூர்

பயன் உண்டு, உடனே கொடுத்தால். பறித்த பணம் பெரும்பாலும் முதலில் போவது கமிஷனுக்காக யாரோ கொடுத்த உள்ளூர் வங்கிக் கணக்குக்கு. அப்புறம்தான் பல கை மாறி, கிரிப்டோவாகி, நாடு தாண்டும். உள்நாட்டில் இருக்கும்வரை முடக்கலாம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், பரிவர்த்தனை எண்ணும் நேரமும் கையில் இருக்கட்டும். வீட்டில் எல்லோரிடமும் கலந்துபேசி மறுநாள் காலையில் போகலாம் என்று மட்டும் இருக்காதீர்கள்.