பிரஷர் சரி, புரதம் ஏன் போகிறது?

கேள்வி: வயது 54. அம்லோடிபின் போட்டு பிரஷர் 130/80-ல் நிற்கிறது. ஆனாலும் யூரின் டெஸ்ட்டில் புரதம் போகிறதாம். டாக்டர் டெல்மிசார்டன் சேர்த்திருக்கிறார். பிரஷர்தான் கட்டுக்குள் இருக்கிறதே, எதற்கு இன்னொரு மாத்திரை?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இது பிரஷருக்காக மட்டுமல்ல அம்மா, உங்கள் கிட்னிக்காகவும்தான். டெல்மிசார்டன் சிறுநீரக வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும்; புரதக் கசிவும் குறையும். அம்லோடிபினுக்கு அந்த வேலை அவ்வளவாக வராது. அவசியம் சாப்பிடுங்கள். ஆரம்பித்து இரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பாருங்கள். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறினால் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; 30 சதவீதம் வரை ஏறுவதை நாங்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வோம். சுகரும் பார்த்துவிடுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் சாப்பாட்டுத் தட்டைப் பற்றித்தான். தயிர் சாதத்துக்கு மாவடு, ரசத்துக்கு அப்பளம், சாயங்காலம் மிக்சர் என்று உப்பு ஏறினால் இந்த மாத்திரையின் பலன் மழுங்கிவிடும். நாளுக்கு மொத்தமே 5 கிராம், ஒரு டீஸ்பூன்தான். அதற்காகப் பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்புக்கு மாறிவிடாதீர்கள், இந்த மாத்திரையோடு அது ஆபத்து. முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்குவதும் வேண்டவே வேண்டாம். வாந்தி, பேதி வந்தால் அன்றே டாக்டருக்கு போன் போட்டு, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று கேளுங்கள்.