கணினிக் கேள்வி-பதில்: புதியவர் அனுப்பிய நிரல்

கே: தமிழ்ச் சொற்களின் எழுத்துகளை எண்ணும் சிறிய பைத்தான் நிரல் ஒன்றைத் திறமூலமாக, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வைத்திருக்கிறேன். 'நீர்' என்று கொடுத்தால் 2 வராமல் 4 வந்தது. ஒரு கல்லூரி மாணவர் அதைச் சரிசெய்து, தன் முதல் புல் ரிக்வெஸ்ட்டை (மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கை) அனுப்பியிருக்கிறார். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட்டும் எழுதியிருக்கிறார், அது பாஸாகிறது. ஆனால் 14 கோப்புகளில் 900 வரிகள் மாறியதாகக் காட்டுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
- வாசகர், திருச்சி

ப: 900 வரியைப் பார்த்து மலைக்காதீர்கள். பெரும்பாலும் அது அவருடைய எடிட்டரின் கைவரிசை: சேமிக்கும்போதே கோப்பு முழுவதையும் சீரமைத்திருக்கும், அல்லது வரிமுடிவுக் குறியை விண்டோஸ் முறைக்கு மாற்றியிருக்கும். 'ஃபைல்ஸ் சேஞ்ச்ட்' பக்கத்தில் 'ஹைட் ஒயிட்ஸ்பேஸ்' தெரிவை இட்டுப் பாருங்கள். பத்துப் பதினைந்து வரிகள்தான் மிஞ்சினால் அதுதான் காரணம். "சுத்தம் செய்து அனுப்புங்கள்" என்று மட்டும் எழுதினால் புதியவருக்கு வழி தெரியாது. 'கிட் ரீஸ்டோர்' கட்டளைக்குச் 'சோர்ஸ்' ஆக மெயின் கிளையை (மாற்றம் சேராத உங்கள் மூலப் பதிப்பு) கொடுத்து, தொடர்பில்லாத கோப்புகளைப் பழையபடி மீட்கச் சொல்லுங்கள்.

அடுத்து டெஸ்ட். பாஸாகிறது என்பதை அப்படியே நம்பக் கூடாது. அவருடைய டெஸ்ட் கோப்பை மட்டும் மெயின் கிளைக்குக் கொண்டுவந்து ஓட்டுங்கள். அங்கே அது ஃபெயில் ஆக வேண்டும். அங்கும் பாஸானால் அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை.

உங்கள் விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள், அதனால்தான் 'நீர்' 4 ஆனது. இந்தத் தமிழ்ச் சார்புக் குறிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. புள்ளியும் ஈகாரக் குறியும் 'எம்என்' (Mn, தனி இடம் பிடிக்காத குறி) வகை. ஆகாரம், இகரம், உகரம் முதலான மற்றக் குறிகள் 'எம்சி' (Mc, இடம் பிடிக்கும் குறி) வகை. மாணவர் 'எம்என்' வகையை மட்டும் தள்ளிவிட்டு எண்ணியிருந்தால் 'நீர்' சரியாக 2 தரும், 'தமிழ்' 4 தரும்! ஆகவே 'தமிழ்', 'கொடு', 'பௌர்ணமி' ஆகியவற்றையும் டெஸ்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். 'கொ'வை இரண்டு விதமாக உள்ளிடலாம்: ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் ஆகாரக் குறியுமாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் சோதிக்க வேண்டும். 'க்ஷ' ஒரு எழுத்தா, இரண்டா? இதை மாணவரின் தலையில் கட்டாதீர்கள். நிரலின் சொந்தக்காரரான நீங்கள் முடிவு செய்து, நிரலின் விளக்கக் கோப்பான ரீட்மியில் எழுதிவையுங்கள்.

கே: புதியவரின் புல் ரிக்வெஸ்ட்டில் தானியங்கிச் சோதனைகள் ஓடாமல் என் அனுமதிக்குக் காத்து நிற்கின்றன. உடனே பட்டனை அழுத்திவிடலாமா?
- வாசகர், கோவை

ப: ஒரு நிமிடம் பொறுங்கள். கிட்ஹப்பின் இலவசக் கணினிகளில் சிலர் கிரிப்டோ நாணயம் தோண்டியதால் 2021இல் வந்த கட்டுப்பாடு இது. தானியங்கிச் சோதனைகளை இயக்கும் வொர்க்ஃப்ளோ கோப்புகள், நிறுவும் ஸ்கிரிப்டுகள், நிரலுக்குத் தேவையான பிற நிரல்களின் பட்டியல் இவை மாறியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

கே: ஒரு மாணவியின் நிரலுக்கு 31 கருத்துகள் எழுதினேன். ஆள் காணாமல் போய்விட்டார். தவறு என்னுடையதா?
- வாசகி, யாழ்ப்பாணம்

ப: ஓரளவு ஆம். முதல் சுற்றில் இரண்டே கேள்விகள் போதும்: இந்த மாற்றம் நமக்குத் தேவையா? போன வழி சரியா? வழியே தவறு என்றால் மாறிப் பெயர்களைத் திருத்துவது வீண், அந்த வரிகளே நாளை இருக்காது. இடைவெளி, மேற்கோள்குறி போன்றவற்றை மனிதர் சொல்லவே கூடாது, நிரலின் நடையைத் தானாகச் சோதிக்கும் லிண்டர் சொல்லட்டும். திருத்தாவிட்டாலும் பரவாயில்லை என்ற வகைக் கருத்துக்கு முன்னால் 'நிட்' என்று போடுங்கள். இல்லாவிட்டால் புதியவர் எல்லாவற்றையும் கட்டளையாகவே எடுத்துக்கொள்வார். ஒரு வரித் திருத்தம் என்றால் 'சஜஷன்' ஆகவே கொடுங்கள், அவர் ஒரே சொடுக்கில் ஏற்கலாம்.

இப்போது அவருக்குச் சுருக்கமாக ஒரு வரி எழுதுங்கள்: "மீதியை நான் முடிக்கட்டுமா?" பதில் வராவிட்டால் அவருடைய கமிட்டை (பதிவுசெய்த மாற்றத்தை) 'செர்ரி பிக்' கட்டளை மூலம் எடுத்துக்கொண்டு, உங்கள் திருத்தங்களை அதன் மேல் தனி கமிட்டாக வையுங்கள். எழுதியவர் என்ற இடத்தில் அவர் பெயரே நிற்கும். புதிதாக நிரலை ஒட்டி உங்கள் பெயரில் கமிட் செய்துவிடாதீர்கள், அது அவர் உழைப்பை விழுங்குவது.