சோதனைக்கு எட்டாத சூழல் மாறி

கேள்வி: சீமேக் என்னும் கருவி கொண்டு பில்ட் செய்யும் (மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும்) எங்கள் நிரலில், 1970 ஜனவரி 1, யூடிசி நள்ளிரவை உள்ளூர் நேரமாக அச்சிட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. என் கணினியில் 05:30 என்று வந்து தேறிவிடுகிறது. பில்ட் சர்வரிலோ 00:00 என்று காட்டித் தோற்கிறது. சீமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் ‘செட்’ கட்டளையால் நேர மண்டலத்தைக் குறிக்கும் டீஸெட் என்னும் சூழல் மாறிக்கு (நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து பெறும் மதிப்பு) ‘ஏசியா/கொல்கத்தா’ என்று மதிப்புக் கொடுத்திருந்தும் அது ஏன் எடுபடவில்லை?

பதில்: நீங்கள் எழுதிய வரியில் பிழை இல்லை, சோதனை ஓடும் வேளையில் அதன் பயன் மிஞ்சுவதில்லை என்பதுதான் சிக்கல். சீமேக் முதலில் கோப்பைப் படித்து பில்டுக்கு வேண்டியவற்றை எழுதி வைக்கிறது, பிறகு நிஞ்சா அல்லது மேக் என்னும் பில்ட் கருவி நிரலைத் தொகுக்கிறது, அதன்பின் சீமேக்கோடு வரும் சீடெஸ்ட் என்னும் கருவி வந்து சோதனைகளை ஓட்டுகிறது. இவை தனித்தனி ப்ராசஸ்கள் (தனியே ஓடி முடியும் நிரல்கள்) என்பதால், முதலாவதில் வைத்த மதிப்பு அதோடு முடிந்துவிடுகிறது. உங்கள் கணினி ஏற்கெனவே இந்திய நேரத்தில் இருப்பதால் அங்கே தேறியது. இப்படித் தற்செயலாகத் தேறும் சோதனையே எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஏனெனில் குறை இருப்பதை அது பல மாதங்கள் மறைத்து வைக்கும்.

சீமேக்லிஸ்ட்ஸ் கோப்பில் சோதனையைப் பதிவு செய்யும் ‘ஆட்_டெஸ்ட்’ வரிக்குக் கீழே ‘செட்_டெஸ்ட்ஸ்_ப்ராப்பர்ட்டீஸ்’ கட்டளையை எழுதி, சோதனையின் பெயரையும் ‘ப்ராப்பர்ட்டீஸ் என்விரான்மென்ட்’ என்பதையும் அடுத்து, இரட்டை மேற்கோளுக்குள் ‘டீஸெட்=ஏசியா/கொல்கத்தா’ என்று கொடுங்கள். அந்தச் சோதனையைத் தொடங்கும்போது மட்டும் சீடெஸ்ட் அம்மாறியை வைக்கும், மற்றவை பாதிக்கப்படா. அதே சோதனைக்கு இக்கட்டளையை மறுபடி எழுதினால் முன்பு கொடுத்த சூழல் மாறிகளின் பட்டியல் அழிந்துவிடும். சேர்ப்பதற்கு ‘செட்_ப்ராப்பர்ட்டி’யை ‘அப்பெண்ட்’ உடன் பயன்படுத்துங்கள். விண்டோஸில், நிரல்களைத் தேடும் இடங்களைப் பட்டியலிடும் ‘பாத்’ மாறியின் மதிப்பில் அரைப்புள்ளிகள் இருப்பதால் சீமேக் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடும், அதற்கு சீமேக் 3.22 பதிப்பில் வந்த ‘என்விரான்மென்ட்_மாடிஃபிகேஷன்’ என்னும் ப்ராப்பர்ட்டி ஏற்றது.

ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில்) டீஸெட் மதிப்பை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு சீடெஸ்டை ஓட்டினாலும் வேலை நடக்கும். ஆயினும், சோதனைக்கு வேண்டியது சோதனையின் அருகிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நாளை குழுவில் சேருபவர் உங்கள் ஷெல்லைப் பார்க்கப்போவதில்லை. டீபக்கரில் (பிழை தேடும் கருவியில்) சோதனை நிரலை நேரடியாக ஓட்டும்போது மட்டும் சீடெஸ்ட் இடையில் வராது என்பதால், டீஸெட் மதிப்பை அங்கே நீங்களே தர வேண்டியிருக்கும்.