எண்ணிக்கை சரி, மதிப்பெண் ஏன் இல்லை?

கேள்வி: அலுமினியம் சல்பேட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடும் வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடையும் கால்சியம் சல்பேட்டையும் தருவதை வாய்பாடுகளில் எழுதிச் சமன் செய்யும்படி பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் கேட்டிருந்தார்கள். வலப்புறத்தில் அலுமினியத்துக்கும் ஹைட்ராக்சைடுக்கும் கீழே 2, சல்பேட்டுக்குக் கீழே 3 என்று எழுதியிருக்கிறாள். இருபுறமும் எண்ணிக்கை ஒத்திருந்தும் மதிப்பெண் இல்லை. ஏன்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஆசிரியர் திருத்தியது சரிதான். வாய்பாட்டின் கீழே வரும் எண்ணை இணைதிறன் (ஓர் அணுவோ அணுத்தொகுதியோ மற்றவற்றுடன் இணையும் திறனைக் காட்டும் எண்) முடிவு செய்கிறது; சமன் செய்வதற்காக அதை மாற்றினால், வினையில் உண்டாகாத ஒரு பொருளை எழுதியவராகிறோம். தண்ணீருக்கான சமன்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 போட்டால் எண்ணிக்கை அழகாகப் பொருந்தும். ஆனால் அது தண்ணீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு.

ஆகவே, முதலில் நான்கு வாய்பாடுகளையும் தனித்தனியே எழுதி முடிக்க வேண்டும். அலுமினியத்தின் இணைதிறன் 3, சல்பேட்டினுடையது 2. இவற்றைக் குறுக்காக மாற்றினால் அலுமினியம் 2, சல்பேட் 3 என்று வரும். கால்சியத்துக்கு 2, ஹைட்ராக்சைடுக்கு 1 என்பதால் ஒரு கால்சியத்துடன் இரண்டு ஹைட்ராக்சைடு சேரும். அலுமினியம் ஹைட்ராக்சைடில் ஒன்றுக்கு மூன்று. கால்சியம் சல்பேட்டில் இரண்டும் இரண்டும் சுருங்கி ஒன்றுக்கு ஒன்று. இதன் பிறகு கீழெண்களைத் தொடக்கூடாது.

இனி வாய்பாடுகளின் முன்னால் மட்டுமே எண் எழுதலாம். சல்பேட்டும் ஹைட்ராக்சைடும் இந்த வினையில் உடையாமல் இடம் மாறுவதால், அணு அணுவாகப் பிரிக்காமல் முழுத் தொகுதிகளாக எண்ணுவதே எளிது. (சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது கார்பனேட் உடைந்துவிடும், அங்கே இந்தச் சுருக்குவழி உதவாது.) இடப்புறம் அலுமினியம் 2 இருப்பதால் அலுமினியம் ஹைட்ராக்சைடுக்கு முன் 2, சல்பேட் 3 இருப்பதால் கால்சியம் சல்பேட்டுக்கு முன் 3, அதனால் கால்சியம் ஹைட்ராக்சைடுக்கு முன்னும் 3. ஹைட்ராக்சைடை நாம் இதுவரை எண்ணவே இல்லை. இருப்பினும் இடப்புறம் மூன்றிரண்டு ஆறு, வலப்புறம் இரண்டு மூன்று ஆறு என்று தானாகவே பொருந்திவிடுகிறது. கடைசியில் இப்படிப் பொருந்தாவிட்டால், பிழை பெரும்பாலும் வாய்பாட்டில்தான் இருக்கும்.

குடிநீர்ச் சுத்திகரிப்பில் படிகாரத்துடன் சுண்ணாம்பு சேர்க்கும்போது நடப்பதும் ஏறத்தாழ இதே வினைதான்; கூழ்போல் உருவாகும் அலுமினியம் ஹைட்ராக்சைடு கலங்கலைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது.

மகளின் பயிற்சிக்கு: ஃபெரிக் குளோரைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்து ஃபெரிக் ஹைட்ராக்சைடையும் சோடியம் குளோரைடையும் தருகின்றன. ஃபெரிக் என்றால் இரும்பின் இணைதிறன் 3. முன்னால் வர வேண்டிய எண்கள் முறையே 1, 3, 1, 3.